வாலஸின் வரிசை காலி

1. முதல் சனிக்கிழமை

எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் புள்ளியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஊருக்கு வெளியே இருந்த அமெரிக்க ராணுவ முகாமின் கிடங்கில் பகுதிநேர வேலை. போர்வை, பூட்ஸ் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி எழுத வேண்டும். என் மேலதிகாரி சார்ஜென்ட் ஹாரிஸ், முகாமின் ஃபுட்பால் அணிக்கும் கோச். அணி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றிருந்தது.

“நீ ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தானே படிக்கிறே? எதிர் டீம்காரன் பந்தைத் தூக்கிட்டு நம்ம ஆளுங்களைத் தாண்டி ஓடிடுறான். எங்க ஓட்டைன்னு கண்டுபிடிச்சுக் கொடு. கர்னல் ரிப்போர்ட் கேக்குறார்” என்றார்.

மெட்ராஸில் ஃபுட்பால் பார்த்து வளர்ந்த தைரியத்தில் சரி என்றேன். சனிக்கிழமை மைதானத்துக்குப் போனால், எல்லோரும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள்; அது அமெரிக்கர்களின் ஃபுட்பால். அதற்குள் ஹாரிஸ் என்னை நிபுணர் என்று அறிமுகம் செய்துவிட்டார்.

2. கிராஃப்

எனக்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும்தான். ஓடி வருபவனை மடக்கி வீழ்த்துவதற்கு டேக்கிள் என்று பெயர். மூன்று ஆட்டங்களில் யார் எத்தனை டேக்கிள் செய்தார்கள் என்று ஆளுக்கு ஒரு வரிசை போட்டு எழுதினேன். தடுப்பின் நடுவில் நின்ற வாலஸின் வரிசை மட்டும் ஏறக்குறைய காலியாக இருந்தது. அவர் லாரி மெக்கானிக், கனத்த உடம்பு. ‘தடுப்பில் இவருடைய பங்கு எதுவும் இல்லை’ என்று எழுதி, கிராஃபும் வரைந்து கொடுத்தேன்.

கர்னலுக்கு கிராஃப் மிகவும் பிடித்துப்போய், உடனே கையெழுத்துப் போட்டார். வாலஸை அணியிலிருந்து எடுத்துவிட்டு, சனிக்கிழமைகளில் கேட்டில் காவல் நிற்கச் சொன்னார்கள்.

அடுத்த ஆட்டத்தில் எதிரணியினர் நடுவில் ஏதோ தெருவில் போவது மாதிரி நடந்து போனார்கள். என் அறையில் உடன் தங்கியிருந்த சுந்தரம் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சியாளன். மைதானத்தில் ஹாம்பர்கர் கிடைக்கும் என்பதற்காகவே எல்லா ஆட்டத்துக்கும் என்னோடு வருவான். அவன்தான் கேட்டான்.

“டேய், அந்தக் குண்டு ஆள் எங்கடா? அவரை மறிக்க எப்பவும் ரெண்டு பேர் வேணுமே. இன்னைக்கு அந்த ரெண்டு பேரும் ஃப்ரீயா நம்ம ஆளுங்களை இடிச்சுத் தள்றாங்க, பாரு.”

நேராக கேட்டுக்குப் போனேன்.

“ஓடுறவனை நான் பிடிக்கப் போகக் கூடாது” என்றார் வாலஸ். கோபமே இல்லை. “ரெண்டு பேரை என் மேல இழுத்து வச்சுக்கணும். மத்தவங்க பிடிப்பாங்க. கோச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

3. துணை அறிக்கை

ஹாரிஸிடம் போய், என் அறிக்கை தவறு என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

“தப்புன்னு எழுதாதே. கர்னல் கையெழுத்துப் போட்டிருக்கார்.”

“வாலஸுக்கு நீங்கதானே சார் அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தீங்க?”

“ஆமாம். ஆனா உன் கிராஃபைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.” ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “எதிர் டீம்காரங்க ஸ்ட்ராட்டஜியை மாத்திட்டாங்க, அதனால இப்ப வாலஸ் தேவைப்படுறார்னு எழுது.”

யாரும் எதையும் மாற்றியிருக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னபடியே எழுதினேன். கர்னல் என் தொலைநோக்கைப் பாராட்டினார்.

வாலஸ் திரும்பி வந்த ஆட்டத்தில் எதிரணி நடுவில் ஓடிப் பார்த்து, முடியாமல், தலைக்கு மேலே பந்தை வீசியே ஜெயித்தது. ஓட்டத் தடுப்பு அபாரம் என்று எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அன்றும் வாலஸ் ஒரு டேக்கிள்கூடச் செய்யவில்லை.

பிறகு பல தொழிற்சாலைகளில் ஆட்களின் வேலையை மதிப்பிடுவதே என் தொழிலாகிவிட்டது. யாரைப் பற்றி எழுதுவதாக இருந்தாலும், முதலில் அவரிடம் போய், “உங்க வேலை என்ன?” என்று கேட்டுவிடுவேன். என் அறிக்கைகள் தாமதமாக வருகின்றன என்று எல்லா மேலதிகாரிகளும் குறைபட்டுக்கொண்டார்கள்.