டீக்கடையை வைத்துக் கட்சி எண்ணிய கதை

நேற்றுக் குக்கருக்குப் புது வளையம் வாங்கி வந்தேன். உறையைக் கிழித்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், புது ரப்பரின் வாசனை. என் மனைவிக்கு அது ஆகாது, மூன்று முறை கழுவி வெயிலில் போட்டாள். நானோ யாரும் பார்க்காதபோது மூக்கருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். இருபத்தாறு வருடம் கப்பலூர் தொழிற்பேட்டையில் இந்த வாசனைக்குள் சம்பளம் வாங்கியவன் நான்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் மணி அடித்தது. எங்கள் பழைய கம்பெனி ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. மொத்தம் இருபத்துமூன்று பேர். அதில் பத்தொன்பது பேர் தினமும் காலையில் ரோஜாப்பூ அனுப்புகிறார்கள். குழுவை நடத்துகிறவர் நேற்று ஓர் உத்தரவு போட்டிருந்தார்: தேர்தல் முடியும்வரை யாரும் அரசியல் பேசக்கூடாது, மீறினால் நீக்கப்படுவார்கள். உடனே பதினோரு பேர் கும்பிடு போட்டார்கள். கோச்சடையில் என் வீட்டுக்கு முன்னால் பிரச்சார ஆட்டோக்கள் காதைப் பிளந்துகொண்டு போகின்றன, எங்கள் குழுவிலோ வெறும் ரோஜா. எனக்குப் பழைய தேர்தல் ஒன்று நினைவுக்கு வந்தது. குழுவில் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன்.

நாங்கள் லாரி, பஸ்களில் குலுக்கலைத் தாங்கும் ரப்பர் புஷ் செய்தோம். எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. வருகிற உருப்படியை எல்லாம் எண்ணி, நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். கை எண்ணிப் பழகிவிட்டால் மனம் சும்மா இருக்குமா? கம்பெனி வேனின் ஜன்னல் கம்பி, சாப்பாட்டு டப்பா, மேனேஜரின் தும்மல் எல்லாவற்றையும் எண்ணுவேன். தேர்தல் வந்தால் ஆட்களை எண்ணுவேன்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். எஸ்டேட் வாசலில் எதிரெதிராக இரண்டு டீக்கடை. ஒன்றில் ஆளுங்கட்சிப் பத்திரிகை தொங்கும், மற்றதில் எதிர்க்கட்சிப் பத்திரிகை. யார் எந்தக் கடையில் டீ குடிக்கிறார்களோ அவர்கள் அந்தக் கட்சி. எங்கள் யூனிட்டில் என்னைத் தவிரப் பதினேழு பேர். ஆளுங்கட்சிக்குப் பத்து, எதிர்க்கட்சிக்கு ஏழு. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு இரண்டு கடைக்கும் மாறி மாறிப் போவேன், வம்பு எதற்கு என்று.

என் கணக்கில் சந்தேகமே இல்லாத இரண்டு பேர் உண்டு. ஒருவர் சுப்புராம், ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கும் ப்ரெஸ்ஸின் மூத்த ஆபரேட்டர். மதுரை முனிச்சாலைக்காரர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர், உருப்படியை எண்ணுவதும் அந்தப் பாஷையில்தான். தினமும் எதிர்க்கட்சிக் கடையில் உட்கார்ந்து அந்தப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்து விளம்பரம்வரை படிப்பார். இன்னொருவர் அவருக்குப் பக்கத்து ப்ரெஸ்ஸில் நின்ற பாண்டியம்மா. சோழவந்தானுக்கு அப்பால் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி ஒரு ஊர். அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அவள் ஒரு நாள்கூட ஆளுங்கட்சிக் கடையைத் தவிர வேறு கடையில் டம்ளரைத் தொட்டதில்லை.

அந்தத் தேர்தலில் ஓட்டுப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மேனேஜர் வேனிலேயே அறிவித்தார். ஆர்டர் அவசரம், காலையில் ஓட்டைப் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கெல்லாம் வேலைக்கு வந்துவிட வேண்டும். பாண்டியம்மா எழுந்து நின்றாள்.

"எனக்கு முழு நாளும் வேணும் சார்."

"ஒரு ஓட்டுப் போட ஒரு நாளா? எம்புட்டு ஓட்டு வச்சிருக்க?"

"ஓட்டுப் போட மட்டும் இல்ல. பூத் ஏஜென்ட்டா உட்காரப் போறேன். காலைல ஆறு மணிக்கே போகணும், பெட்டிய மூடுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

எந்தக் கட்சிக்கு என்று யாரோ கேட்டார்கள். எதிர்க்கட்சிக்கு என்றாள். வேன் திருமங்கலம் ரோட்டுப் பள்ளத்தில் ஏறி இறங்கியது. என் பத்து ஒன்பதாயிற்று, ஏழு எட்டாயிற்று.

"அப்ப ஏம்மா அந்தக் கடைல டீ குடிக்கிற?" என்று கேட்டே விட்டேன்.

"அங்கதான் சார் டம்ளரச் சுடுதண்ணில கழுவுறான்."

மேனேஜர் முடியாது என்றார். ஒரு ப்ரெஸ் நின்றால் ஆர்டர் நிற்கும், போனால் அப்படியே போய்விடு என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு பக்கத்தில் இருந்த சுப்புராமிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"எங்க தெருவுல இருந்து இதுவரைக்கும் யாரும் உள்ள உட்கார்ந்ததில்லண்ணே. பெரிய வீட்டு ஆளுகதான் உட்காருவாங்க. எங்க ஓட்ட அவங்களே போட்டுட்டு, 'உன் ஓட்டு முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போ'ம்பாங்க. எங்க அம்மா மூணு தடவ திரும்பி வந்திருக்கு."

சுப்புராம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வேன் நின்றதும் நேராக மேனேஜரிடம் போனார்.

"ரெண்டு ப்ரெஸ்ஸையும் நான் ஓட்டுறேன். அந்தப் பிள்ளைய விடுங்க."

"உங்க கட்சிக்கு ஆள் அனுப்புறீங்களாக்கும்?"

"என் கட்சியா? முப்பது வருசமா ஆளுங்கட்சிக்குத்தான் போடுறேன். இந்தத் தடவையும் காலைல ஏழு மணிக்கு மொத ஓட்டு அவங்களுக்குத்தான். இவ கட்சி ஜெயிக்கக் கூடாதுன்னு அழகருக்கு வேண்டியிருக்கேன்."

எட்டு மறுபடி ஏழாயிற்று, ஒன்பது மறுபடி பத்து. பத்திரிகை? "எதிராளி என்ன எழுதுறான்னு தெரிஞ்சாத்தானே சார் பதில் சொல்ல முடியும்" என்றார் என்னிடம். பாண்டியம்மா நம்பாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நாங்க ஜெயிச்சா?"

"ஜெயிச்சுப் பாரு. அடுத்த தடவ பேசிக்கிறேன். கள்ள ஓட்டுப் போட்டு எங்காளு ஜெயிக்க வேணாம். போ."

ஒருவரே இரண்டு ப்ரெஸ் ஓட்டினால் கழிவு கூடும் என்று மேனேஜர் கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டார். அப்போது எனக்கு என்ன வந்ததோ, "ஒவ்வொரு உருப்படியையும் நான் சோதிக்கிறேன், கழிவு கூடினால் என்னைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் சரி என்றார், நான்தான் அப்புறம் நான்கு இரவும் தூங்கவில்லை.

ஓட்டுப்பதிவு அன்று நீங்கள் சுப்புராமைப் பார்த்திருக்க வேண்டும். விரலில் மையோடு வந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ரப்பர் அச்சுக்குள் வேகிற நேரம் கொஞ்சம்தான். பிந்தினால் கருகும், முந்தினால் பச்சையாக வரும். ஒன்று வேகும்போது மற்றதைத் திறந்து, பிடுங்கி, நிரப்பி, மூடி, இந்தப் பக்கம் வரவேண்டும். எதிர்க்கட்சிக்காரிக்காக இந்த மனிதர் வியர்வை சிந்துவது நிஜம்தானா, மதியத்துக்குமேல் கை தளர்ந்தால் என் கதி என்ன என்று இல்லாத கவலை எல்லாம் பட்டேன். சாயங்காலம் எண்ணி முடித்தபோது கழிவு, வழக்கமாக இரண்டு பேர் ஓட்டும் நாளைவிடக் குறைவு. மறுபடி எண்ணினேன். அதேதான். மேனேஜரின் மேசையில் கழிவுத் தட்டைக் கொண்டுபோய் நானே வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

மறுநாள் வேனில் பாண்டியம்மா ஏறியதும் பதினேழு பேரும் அவள் பக்கம் திரும்பினோம்.

"என்னம்மா, உட்கார்ந்தியா?" என்றார் சுப்புராம்.

"உட்கார்ந்தேண்ணே. கடைசி வரைக்கும் எந்திரிக்கல. எங்க தெருவுல அம்புட்டு பேரும் போட்டாங்க. எங்க அம்மா வெளிய வந்து விரல ஊதி ஊதிக் காய வைக்குது."

பிறகு அவள் சொன்னதுதான் இன்றும் என் காதில் நிற்கிறது. பத்து மணிக்குப் பெரிய வீட்டுக்காரர் வந்திருக்கிறார். அந்தத் தெருவில் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை, பெரியவீட்டய்யா என்றுதான் சொல்ல வேண்டும். வரிசையில் நின்று அவர் முறை வந்தபோது, அதிகாரி பட்டியலைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார், சங்கரலிங்கம் என்று. ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் சரிபார்க்க வேண்டும்.

"எல்லாரும் குனிஞ்சு டிக் போட்டாங்க சார். நான் மட்டும் அவர் மூஞ்சியப் பார்த்து, 'சங்கரலிங்கம், இருக்கு, சரி'ன்னேன். அவரு நிக்கிறாரு, நான் நாற்காலில உட்கார்ந்திருக்கேன். அப்புறந்தான் குனிஞ்சு டிக் போட்டேன்."

வேனில் விசில் அடித்தது யார் என்று திரும்பிப் பார்த்தேன். எதிர்க்கட்சியை ஒழிக்க வேண்டிக்கொண்ட சுப்புராம்.

முடிவு வந்தது. அவள் கட்சி தோற்றது. சுப்புராம் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து, அவளிடம் நீட்டத் தயங்கினார். அவளே இரண்டு எடுத்துக்கொண்டாள். "தோத்தது கட்சிதான்ணே. நான் எங்க தோத்தேன்?"

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது. டீக்கடை இரண்டும் போய் நான்கு வழிச்சாலை வந்துவிட்டது. ஆனால் போனதற்கெல்லாம் நான் வருந்துகிறவன் இல்லை. போன மாதம் பாண்டியம்மா புது வீடு குடிபுகுந்தாள். எண்பது இலை போட்ட பந்தி. எனக்கு மூன்றாவது இலையில் ஒரு முதியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மகனும் பாண்டியம்மா மகனும் இப்போது ஒரே கட்சியாம். பரிமாறி வந்த பாண்டியம்மாவின் மருமகள் அவர் முன் நின்று, "சங்கரலிங்கம் மாமா, இன்னொரு கரண்டி ஊத்தவா?" என்றாள். அவர் இலையை அவள் பக்கம் நகர்த்தி, "ஊத்தும்மா" என்றார்.

அவள் என்னிடம் வந்தபோது கேட்டேன்: "இவர முன்னாடி இந்தத் தெருவுல என்னன்னு கூப்பிடுவாங்கன்னு தெரியுமாம்மா?"

சாம்பார் வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு யோசித்தாள்.

"ஏன் தாத்தா, பேரச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாங்க."