ஜப்பான்காரன் வேண்டாமென்று விட்டுப்போன எங்கள் ஆடு

ஆட்டின் உதட்டைத் தொட்டால் மரப்பட்டை மாதிரி சொரசொரவென்று இருக்கும்... அது இன்னும் என் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் போர்டிக்சன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா, நான், ஒரு தாயாடு, அதன் இரண்டு குட்டிகள்... பால் கறப்பது என் வேலை.

ஒரு காலையில் சிப்பாய்கள் லாரியில் வந்து லயத்து வரிசை வீடுகளின் ஆடுகளையெல்லாம் பிடித்து ஏற்றினார்கள். எங்கள் கொட்டகைக்கு வந்தவன் ஆட்டின் முகத்தைத் தூக்கிப் பார்த்தான். வாயெல்லாம் புண். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலமே லயத்தில் பேச்சு மாறிவிட்டது. இவர்கள் ஆட்டை மட்டும் ஏன் விட்டான்? ஆடு இருக்கும் வீடுகளைக் காட்டிக்கொடுத்தது யார்? அம்மா குழாயடிக்குப் போனால் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா மட்டும் நேராகவே கேட்டார். அவருடைய இரண்டு ஆடுகளும் போயிருந்தன.

"ஆட்டு வாயில என்னத்தடி பூசுன? அவன் வர்றான்னு உனக்கு யாரு சொன்னா?"

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மா வேலைக்குப் போனபிறகு ஈரத்துணியால் ஆட்டின் வாயைத் துடைத்துப் பார்த்தேன். பொருக்கு பெயர்ந்து ரத்தம் கசிந்தது.

நிஜப் புண்தான்.

சில நாளில் என் விரலிலும் அதே மாதிரி கொப்புளம். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அம்மா கூட்டிப்போனார். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு, "ஆட்டுக்கிட்டேருந்து ஒட்டிக்கிட்டது. தானா ஆறிடும்," என்றார். பின்னால் மருந்துக்கு நின்றிருந்த காளியம்மா அக்கா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்காவே தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார். குட்டிகளுக்கும் வாய்ப்புண் வந்து, பால் குடிக்க முடியாமல் எலும்பு தெரியக் கிடந்தன. ஒவ்வொன்றாய் மடியில் போட்டுத் தடவினார். அம்மா எதிரில் உட்கார்ந்து குட்டிகளின் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

ஆடும் குட்டிகளும் பிழைத்துக்கொண்டன. குழாயடியில் அம்மாவிடம் மறுபடியும் பேச ஆரம்பித்தார்கள். காட்டிக்கொடுத்தது யார் என்ற சந்தேகம் மட்டும் போகவில்லை... எதிர் லயத்தில் வேறொரு வீட்டின் மேல் போய் விழுந்தது.

இப்போது மந்தின் என்ற ஊரில் என் மகன் ஆடு வளர்க்கிறான். போன மாதம் அதே வாய்ப்புண். கால்நடைக் கிளினிக்கிலிருந்து வந்த டாக்டர் பெண் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தாள். வைரஸ்தான், பயமில்லை என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் வந்து அக்கறையாக விசாரித்தார்கள். எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

"பாட்டி, இத முன்ன பாத்திருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பாத்திருக்கேம்மா... அப்ப யாரும் ஆட்டப் பாக்கல. எங்களத்தான் பாத்தாங்க."