சேலையில் ஒட்டி வந்த கம்பிகள்

அம்மா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே பிசின் கருகிய வாசனையும் அவளோடு நுழையும்; எத்தனை முறை சீயக்காய் போட்டுக் குளித்தாலும் அது அவள் தலைமுடியை விட்டுப் போனதில்லை. அப்பா இறந்தபின் திருப்பத்தூரிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடிக்கு வந்தவள், பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றின் ‘லைனில்’ உட்கார்ந்து, முன்னால் நகர்ந்து வரும் பச்சைப் ‘போர்டு’ ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஈயத்தை உருக்கி வைத்து, பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கால்களை நறுக்கிவிட்டு, மூலையில் மார்க்கர் பேனாவால் ‘பி 47’ என்று தன் நம்பரை எழுதித் தள்ளுவாள். அந்தப் போர்டு எந்த மிஷினுக்குள் போகிறது என்று கேட்டால், “யாருக்குடி தெரியும்? ரிஜெக்ட் ஆச்சுன்னா மட்டும் நம்பரைப் பார்த்து என்னைத் தேடிக்கிட்டு வருவாங்க” என்பாள்.

மனிதனை மனிதனாக்கியதே அவன் கை செய்த பொருள்கள்தான் என்று பின்னாளில் கல்லூரியில் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்கச் செய்துவிட்டு, எதைச் செய்தோம் என்றே தெரியாமல் வீடு திரும்புகிறவளை அந்தப் பாடத்தில் எங்கே வைப்பதாம்?

நறுக்கிய கால்களில் சில, அரை விரல் நீளம்கூட இராது, சேலை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும். உலை கொதிக்கிற நேரத்தில் அவற்றைப் பொறுக்கி மாத்திரை டப்பாவில் போட்டுவைப்பாள். டப்பா நிறைந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றோடொன்று கொக்கி போட்டு முறுக்கி முறுக்கி ஒரு குதிரை செய்தாள். அடேயப்பா, என்ன குதிரை அது! முன்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி நம்மையே பார்க்கும். நான் அப்போது ஆறாவது. பள்ளிக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். படம் வரைந்தவர்கள் கீழே பெயர் போட வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்ததால், “நீயும் போடும்மா, போட்டாத்தான் நீ செஞ்சதுன்னு தெரியும்” என்று அவள் உயிரை வாங்கினேன். அம்மா சிரித்துக்கொண்டே, அடியில் ஒட்டியிருந்த அட்டையில் மார்க்கரால் ‘பி 47’ என்று எழுதினாள். கை அதற்குத்தான் பழகியிருந்தது.

பள்ளிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்தது அதே கம்பெனி என்பதால், அதன் அதிகாரி ஒருவர்தான் அன்று சிறப்பு விருந்தினர். குதிரையை எடுத்து, திருப்பி, அடியில் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். “எங்கம்மா சார், உங்க கம்பெனிதான்!” என்று துள்ளினேன். எடுத்துக்கொண்டு போகலாமா என்றார். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்து, பெருமை தாங்காமல் என் கையாலேயே கொடுத்தேன், பாவி.

மறுநாள் காலை அம்மாவை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்குக் கிளம்பியிருந்த நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் தமிழர்தான்.

“கம்பெனி சாமானை எடுத்துட்டுப் போயிருக்கீங்களேம்மா.”

“ஐயோ, குப்பை சார் அது. சேலையில ஒட்டிக்கிட்டு வந்தது.”

“குப்பையும் கம்பெனியோடதும்மா.”

அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது என்று அவருக்கும் தெரியும். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். வாட்ச்மேன் “ஹோகி அம்மா, ஹோகி” என்று கன்னடத்தில் எங்களைப் போகச் சொல்லிவிட்டு கேட்டைச் சாத்தினான்.

அதன்பிறகு என் படிப்பு முடியும்வரை அபார்ட்மெண்டுகளில் பாத்திரம் தேய்த்தாள், தரை துடைத்தாள். என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இன்று எனக்கு பெங்களூர் வைட்ஃபீல்டில் வேலை. அம்மா என்னோடு இருக்கிறாள். அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. லைனில் அவளோடு உட்கார்ந்திருந்த அக்காக்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. போன மாதம் ஒரு சுருள் செம்புக் கம்பி வாங்கி வந்து அவள் முன்னால் வைத்து, “சும்மாதானே இருக்க, ஏதாச்சும் செய்யேம்மா” என்றேன். அவள் அதைத் தொடவில்லை.

“பில்லு இருக்காடி?” என்று கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துத் தன் பர்ஸுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள். கம்பிச் சுருள் நான் வைத்த இடத்திலேயே கிடக்கிறது.