முதல் பாகம் விழுப்புரம், இரண்டாம் பாகம் திண்டிவனம்

என்னைப் பெண் பார்க்க வந்தவரோடு மொட்டை மாடியில் நின்று சண்டை போட்டேன். நகைக்காக இல்லை, வேலையை விடச் சொன்னார் என்பதற்காகவும் இல்லை. ஒரு வீடியோ கேமின் முதல் பாகம் உசத்தியா, இரண்டாம் பாகம் உசத்தியா என்பதற்காக. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

கேமின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் படிக்கிறவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். எங்கள் வீட்டில் நடந்த கூத்தே போதும். தொலைந்த நகரங்களைத் தேடிப் போகும் ஒருத்தியின் கதை அது. முதல் பாகத்தில் மலைக்குள் காணாமல் போன அண்ணனைத் தேடிக் குகை குகையாகப் போவாள். இரண்டாம் பாகத்தில் அவளுக்கு ஒரு பெரிய தீவும் ஒரு குதிரையும் கிடைக்கும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். உலகம் இரண்டையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

நான் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். வாரமெல்லாம் ஊர்க்காரர்களின் கையில் ஊசி குத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். செஞ்சிக் கோட்டை, மரக்காணம் உப்பளம், பிரம்மதேசத்துக் கோயில் என்று மனசு எந்தப் பக்கம் சொல்கிறதோ அந்தப் பக்கம். தனியாகத்தான். போய் ஒன்றும் சாதிப்பதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

அப்படிச் செஞ்சியில் டீ குடித்ததை யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் பார்த்துத் தொலைத்தது. கிட்டத்தட்ட முடிந்திருந்த வரன் ஒன்று, "பொண்ணு தனியா ஊர் சுத்துதாமே" என்று கை நழுவிப் போனது. அம்மா அழவில்லை, திட்டவில்லை. அதைவிட மோசமாக, பொறுமையாகப் பேசினார்.

"கல்யாணம் ஆவுற வரைக்கும் ஊட்லயே இரும்மா. அப்புறம் உன் ஊட்டுக்காரரு எங்க வேணும்னாலும் இட்டுக்கினு போவாரு."

யாரும் என்னை இட்டுக்கொண்டு போக வேண்டாம் என்பதுதான் என் பிரச்சினையே. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஸ்கூட்டரை மூடி வைத்தேன். ஓசூருக்கு வேலைக்குப் போன தம்பி தன் கேம் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். அதில் இந்த இரண்டாம் பாகத்தைப் போட்டு, என் ஞாயிற்றுக்கிழமைகளை அந்தத் தீவில் கழித்தேன். கதையை விட்டுவிட்டுக் குதிரையைக் கரையோரமாக ஓட்டிக்கொண்டே போவேன். அங்கே ஒருத்தரும் என்னை எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

ஆகவே எனக்கு மாப்பிள்ளையிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்ப வேண்டும். பெண் பார்க்கும்போது பேசக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் இதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

வந்தவர் விழுப்புரத்துக்காரர். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. சொஜ்ஜியும் பஜ்ஜியும் நடந்துகொண்டிருக்கும்போதே டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டியை அவர் கண் பார்த்துவிட்டது. அவர் அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை.

மாடிக்கு அனுப்பினார்கள். அவர் முதலில் கேட்டதே, "அந்தப் பெட்டி யாரோடதுங்க?" என்பதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பேரும் செல்போனை எடுத்து, கேம் கணக்கில் ஒருத்தரை ஒருத்தர் நண்பராகச் சேர்த்துக்கொண்டோம். ஜாதகம் பொருந்தியதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. பிறகு நான் இரண்டாம் பாகம் என்று வாயைத் திறந்தேன்.

"ரெண்டாம் பாகமா? அதுல கதையே இல்லீங்களே. சும்மா ஊர் சுத்திக்கினு இருக்கறதுதான்," என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இரண்டு வார்த்தையை நான் ஒரு வருஷமாகக் கேட்டு நொந்து போயிருந்தேன்.

"ஊர் சுத்துனா இன்னாங்க தப்பு?"

"தப்புன்னு சொல்லல. எதுக்காகப் போறோம்னு ஒண்ணு வேணும் இல்லீங்களா? முதல் பாகத்துல பாருங்க, ஒரு கதவு கூட வீணா இருக்காது."

"ஒரே வழி. நாம உள்ள போனா பின்னால கதவு மூடிக்கும். அதுக்குப் பேரு கேமா, ஜெயிலா?"

"நீங்க அதை முழுசா வெளையாடுனீங்களா?"

"பாதி."

"பாதிய வெச்சிக்கினு இவ்ளோ பேசுறீங்க."

"நீங்க ரெண்டாவதை முழுசா வெளையாடுனீங்களா?"

அவர் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். கேட்கக் கேட்கத்தான் வெளியே வந்தது: அவர் அதைக் கையால் தொட்டதே இல்லை. வேறு யாரோ ஆடியதை வீடியோவில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். கீழே முறுக்கு கடிக்கிற சத்தம் நின்று போனது. நாங்கள் இறங்கி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். சாயங்காலம் தரகர் போன் செய்து, ரெண்டு பேருக்கும் ஒத்து வராதாம் என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து கேம் பெட்டியில் ஒரு செய்தி வந்து நின்றது. "நீங்க சொன்னது சரிதான். தொடாம பேசியிருக்கக் கூடாது. உங்க டிஸ்க்கைக் குடுங்க, என்னோட முதல் பாகத்தைத் தர்றேன். ரெண்டு பேரும் முழுசா முடிச்சிட்டு மீதி சண்டையைப் போடலாம்." கல்யாணப் பேச்சுதான் முறிந்துவிட்டதே, டிஸ்க் மாற்றிக்கொள்வதில் என்ன வந்தது என்று வரச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க ஆள் விட்டுக் கழனிக்குப் போயிருந்தார். வேண்டாம் என்று போன மாப்பிள்ளை வாசலில் நின்றால் என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தார், பிறகு காப்பி கொடுத்தார். "எப்படி இருக்குதுன்னு ஒரு தடவை காட்டுங்க," என்று அவர் கேட்க, நான் போட்டுக் கொடுத்தேன். குதிரை கிடைத்ததும் மனிதர் கிளம்புகிறேன் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மத்தியானம் ஆனது. வீட்டில் ஒருத்தரை உட்கார வைத்துக்கொண்டு நாம் மட்டும் சாப்பிட முடியுமா? அம்மா, "ஒரு வாய் சாப்புடுங்க" என்று ஒப்புக்குக் கேட்டார். அவர் திரையைப் பார்த்தபடியே, "ம், போடுங்கம்மா" என்றுவிட்டார். கருவாட்டுக் குழம்பு. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துக்கொண்டே, குதிரை எங்கே நிற்கிறது என்று அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா உள்ளே வந்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரம் தொடுவார்கள், காப்பி குடிப்பார்கள். சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அப்பா தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார். மண் கையோடு வெளியே போய்த் தரகருக்குப் போன் போட்டார்.

"மாப்ள வந்து கை நனைச்சிட்டாருப்பா. கருவாட்டுக் கொழம்பு. ரெண்டாந்தரம் சோறு வாங்கிக்கினு இருக்காரு."

அன்று பொழுது சாய்வதற்குள் பிரம்மதேசத்திலிருந்து வளவனூர் வரைக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விழுப்புரத்தில் அவர் அம்மாவுக்கு மூன்று பேர் வாழ்த்துச் சொன்ன பிறகுதான் விஷயமே புரிந்ததாம். கை நனைத்துவிட்டு இல்லை என்று சொன்னால் ஒரு பெண்ணின் பாவத்தைக் கொட்டிக்கொண்டதாகிவிடும் என்று அங்கேயும் முடிவு செய்துவிட்டார்கள். இரண்டு வீடும் நாள் பார்க்க ஆரம்பித்தன. என்னையோ அவரையோ யாரும் ஒரு பேச்சுக்குக் கூடக் கேட்கவில்லை.

அவர் போனில் கூப்பிட்டார். "நெஜமாவே மறந்துட்டேங்க. குதிரை நெனப்புல இருந்தேன். ஒரே பேஜாரா ஆயிடுச்சி. உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க, நான் பழியை ஏத்துக்கறேன்."

அந்த ஒரு பேச்சுக்காக அவரைப் பிடித்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நான் சரி என்று சொல்லவில்லை. "மொதல்ல ரெண்டு பேரும் முடிப்போம்," என்றேன்.

முதல் பாகத்தை முடித்தேன். உண்மையைச் சொன்னால், நான் நினைத்தது தப்பு. பாதியில் நான் ஜெயில் என்று விட்டது, கடைசியில் வேறு மாதிரித் திறந்தது. கதவு பின்னால் மூடிக்கொள்ளும்போதெல்லாம் அவளுக்குப் பயம். மூச்சு வாங்குவது கேட்கும். கடைசியில் அண்ணனைக் கண்டுபிடிக்கிறாள், அவனோ திரும்பி வர மாட்டேன் என்கிறான். இத்தனை தூரம் ஒரே வழியில் அவளோடு நடந்ததால்தான் அந்த இடத்தை நான் மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் பாகத்தின் கதையில் அந்த மாதிரி ஒரு இடம் கூடக் கிடையாது. வில்லன் வருகிறான், நீளமாகப் பேசுகிறான், சாகிறான். அதில் எனக்குப் பிடித்தது கதை அல்ல, கதையை விட்டு விலகிப் போகலாம் என்பதுதான்.

அவரும் முடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். கதையை மட்டும் முடித்தாரா, தீவையும் பார்த்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைப் போனில் கேட்க மனசு வரவில்லை.

அந்த வாரம் எங்கள் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க விழுப்புரம் கிளம்பினார்கள். அதற்குப் பெண் போகிற வழக்கம் கிடையாது. நானும் வருவேன் என்றேன். வேனில் இடமில்லை என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். ஸ்கூட்டரை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வேனுக்குப் பின்னாலேயே நெடுஞ்சாலையில் போனேன். அம்மா வழியெல்லாம் வேனின் பின் கண்ணாடியில் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் தேதி பேசிக்கொண்டிருக்க, உள் அறையில் அவர் எனக்குத் தன் கேமைப் போட்டுக் காட்டினார். அவர் அம்மா எனக்குக் காப்பி கொண்டு வந்து கொடுத்துவிட்டு, போகாமல் கதவோரமாக நின்றார். திரையில் தீவின் வரைபடம் விரிந்தது. போகாத இடம் இருட்டாகத்தான் தெரியும்; பாதிக்கு மேல் இருட்டாகவே இருந்தது. நேராகப் போய், கதையை முடித்துவிட்டு நின்றிருக்கிறார். கரையோரம் மட்டும் ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருந்தது.

இதற்கு மேல் காத்திருந்தால் தாலியே கட்டிவிடுவார்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் அம்மா நிற்கிறார் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஆனா நான் வண்டிய எடுத்துக்கினு எங்கயாவது போவேங்க. தனியா. கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன். எதுக்குன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. உங்களுக்கு அது சரிப்படுமா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "எங்க போறன்னு கேப்பேங்க. நேரத்துக்கு வரலன்னா பயப்படுவேன், போன் பண்ணுவேன்," என்றார். பிறகு, "போவாதன்னு சொல்ல மாட்டேன்," என்றார். தீவில் இருந்த மாதிரி, எங்கே என்று யாரும் கேட்காத சுதந்திரம் இல்லை இது. ஆனால் இதை நம்பலாம் என்று தோன்றியது.

"அப்போ இந்தக் கரை மட்டும் எப்படித் தொறந்துது?" என்று வரைபடத்தைக் காட்டினேன்.

"அது நான் போவல. அம்மாதான் கூட உக்காந்து பாத்துக்கினு, கடலோரமாவே ஓட்டுடா, ஓட்டுடான்னாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்று ஒரு வார்த்தை பேசாத அந்த அம்மா, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். கூடத்துக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நான் வளவனூர்க்காரி. எங்க ஊரு பஸ்ஸு எல்லாம் பாண்டிக்கு அப்படிக்கா போவும். பொறந்ததுல இருந்து கடலு பக்கத்துலதான் இருக்குது. ரெண்டே தடவைதான் பாத்தேன். ரெண்டு தடவையும் சாவுக்குப் போயி, கருமாதி முடிச்சிக்கினு கடல்ல கால வெச்சிட்டு வந்தது."

அவர் என் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தார்.

"தனியாதான் போவேன்னு சொல்ற. நான் ஒண்ணும் பேச மாட்டேன், எதுக்குன்னும் கேக்க மாட்டேன். பின்னால சும்மா உக்காந்துக்கினு வர்றேன். என்னை ஒரு தடவை இட்டுக்கினு போறியா?"

கூடத்தில் யாரோ தை மாசம் என்றார்கள், யாரோ அதற்கு முன்னாலேயே வைக்கலாம் என்றார்கள். நான் அங்கே போகவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமையே போலாம் அத்தை," என்றேன்.