படகின் நுனி இடம்

வாசலூர்பட்டி ஏரிக்கரையில் மச்சான் ராசு, பழைய மீன்படகின் முன்தளத்தைப் பலகை வைத்து நீட்டிக்கொண்டிருந்தான். இடுக்கை அடைக்கப் பலாப்பிசினை உருக்கினான். அந்த வாசனை ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அன்றும் இதே வாசனைதான். ராசு முன்னால் உட்கார்ந்து வலை வீசட்டும் என்று அவன் அப்பா தன் படகை நீட்டினார். என் அப்பாவிடம் இருந்ததோ மரவள்ளிக்காடு. அதை எந்தப் பக்கம் நீட்டினாலும் மிதக்காது. எனக்கு வயிறு எரிந்தது.

"மாமா, நானும் உக்காரட்டுங்களா?"

"உக்காரு சாமி. ரெண்டு பேரும் ஒண்ணா நுனிக்குப் போவாதீங்க."

ராசுவுக்குப் பின்னால் நான் உட்காருவதா? அவனைத் தாண்டி நுனிக்குப் போனேன். படகு முன்பக்கமாகச் சாய்ந்தது. "ஐயோ, செத்தேனுங்க!" என்று தண்ணீரில் குதித்தேன்.

"எந்திரிச்சு நில்லுடா, முட்டி வரைக்குந்தான் தண்ணி," என்றான் ராசு, மேலே ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு.

இன்று, புதுப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு ராசு கூப்பிட்டான்: "மாப்ளே, வேலை முடிஞ்சுது. ஏறு, நுனி உனக்குத்தான்!"

இத்தனை வருட ஆசை, விடுவேனா? ஏறினேன். படகு நடு ஏரிக்குப் போனதும் இரண்டு கையாலும் பலகையைக் கட்டிப்பிடித்தபடி திரும்பிப் பார்த்தேன். ராசு பின்னால் துடுப்போடு காலை நீட்டிச் சாய்ந்திருந்தான்.

பாவி, நல்ல இடத்தைப் பிடித்துவிட்டான்.