நான் போட்ட பெருவிரல்

அந்தப் பெருவிரலை நான் இன்னும் அழிக்கவில்லை. என் போனில், எங்கள் வாய்க்கால்காரரின் வட்ஸ்அப் குழுவில், பழைய செய்திகளைத் தேடிப் போனால் மஞ்சளாக நிமிர்ந்து நிற்கும். எவருக்கு எந்த நாளில் தண்ணீர் முறை என்பதெல்லாம் அந்தக் குழுவில்தான் வரும்.

நாடே டீசலுக்கு வரிசை நின்ற வருடத்துச் சிறுபோக நெல் விதைப்பு அது. இவர், அதாவது என் கணவர், கிளிநொச்சியில் பகல் முழுக்க நின்றுவிட்டு வெறும் கலனோடு திரும்புவார். வந்ததும் கதிரையில் சாய்ந்து போனைத் திறந்தால், டீசல் கப்பல் வருகிறதா, உரம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். சாப்பாட்டை வைத்தாலும் கண் நிமிராது. ஒரு காலத்தில், ரியூசன் விட்டு நான் வரும் வழியில், கழலாத சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டிக்கொண்டு எனக்காக நின்றவர் இவர்தான். கோபத்தில் நானும் குசினிக்குள் இருந்து என் போனைத் திறந்தேன். கனடாத் தங்கையின் படங்கள், சமையல், ஊர்வம்பு என்று எரிச்சலில் தொடங்கியது பழகிப்போனது. ஆனால் குற்றம் சொல்லும்போது மட்டும் இவருடைய போன்தான் எனக்குத் தெரியும். “உங்களுக்கு அதுதான் பெண்சாதி” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் கதையே குறைந்துவிட்டது. புதுக்குடியிருப்பில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று அலுமாரிக்கு மேலிருந்த உடுப்புப் பையையும் இறக்கி வைத்திருந்தேன்.

நெல் கதிர் தள்ளும் நேரம். குளத்தில் தண்ணீர் குறைவு, கிழமைக்கு ஒருநாள்தான் எங்கள் முறை. அன்று காலை இருவரும் மண்வெட்டியோடு போனால் எங்கள் வாய்க்கால் வாய் சேறு வைத்து அடைபட்டிருந்தது. தண்ணீர் பக்கத்து வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த வயல் அண்ணர் வரம்பில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“பெரிய உபகாரம் தங்கச்சி. கேட்ட உடனயே விரலைப் போட்டிட்டீர்.”

போனை எடுத்துப் பார்த்தேன். முதல்நாள் இரவு குழுவில் அண்ணர் என்னைக் கேட்டிருந்தார்: ‘நாளைக்கு உங்கட முறையை நான் எடுக்கட்டோ?’ கீழே என் பெருவிரல். தங்கையின் புதுவீட்டுப் படங்களுக்கு நடுவே, வாசிக்காமலே போட்டிருக்கிறேன். இவர் ஒரு சொல் கத்தியிருந்தாலும் அன்றே பையைத் தூக்கியிருப்பேன்.

இவர் வாங்கி வாசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நானும் வாசிக்காமல்தான் போடுறனான்” என்றார். “உம்மட முகத்தைப் பாத்தே எத்தினை நாள்.”

அண்ணர் பதறிப்போனார். “ஐயோ, முதலே சொல்லுறதெல்லோ! மத்தியானத்தோட எனக்குத் தண்ணி காணும், பிறகு நீங்கள் திருப்புங்கோ.”

மத்தியானம் வரை மருதமர நிழலில் இருந்தோம். கரண்ட் வெட்டில் இவருடைய போன் செத்துக் கிடந்தது, என்னுடையதை மடியில் செருகிக்கொண்டேன். முதலில் உரத்தைக் கதைத்தோம், பிறகு டீசலை. பயிர் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் நித்திரையே இல்லை என்று இவர் அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார். எனக்கும் அதே பயம்தான் என்றேன். தண்ணீர் எங்கள் வயலுக்குள் இறங்கிய சத்தத்தைக் கேட்டதும் இருவருக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்படியொரு நிம்மதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

பயிர் தப்பியது. பை திரும்பவும் அலுமாரிக்கு மேலே ஏறியது. நாங்கள் ஒன்றும் திருந்திய உத்தமர்கள் இல்லை, போன் இன்றும் பார்க்கிறோம். ஆனால் குழுவில் எவராவது ஏதாவது கேட்டால் இவர் அதை உரக்க வாசித்து, “போடட்டோ?” என்பார். நான் ஓம் என்ற பிறகுதான் பெருவிரல் போகும். நேற்றும் கேட்டார், என் முகத்தைப் பார்த்தபடி. ஓம் சொல்ல நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.