காலையில் திறந்த வால்வு

சாவு வீட்டுக்குப் போய் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்கிற விஷயமில்லை... கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் சித்தி மகன் ஜஸ்டின் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இறந்துபோனான். என்னைவிடச் சின்னவன். மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாகப் பல வருஷம் இருந்துவிட்டு, கேரள எல்லையோரம் குன்னத்துகாலில் வீடு கட்டி, இனி எங்கும் போவதில்லை என்று உட்கார்ந்தவன். மனைவி பிரேமா. ஒரே மகள் ஜினி அயர்லாந்தில் நர்ஸ். எங்கள் பக்கம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒருவர் திரும்பி வந்திருப்பார், ஒருவர் போயிருப்பார்.

கல்ஃப் விட்டு வந்தவர்கள் பொழுதுக்கு என்ன செய்வார்கள்? சிலர் ரப்பர் தோட்டம் போடுவார்கள். சிலர் சபைக் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். ஜஸ்டின் மீன் தொட்டி வைத்தான்.

சும்மா தொட்டி இல்லை. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, ஹால் சுவரோரம் ஆள் நீளத்துக்கு ஒன்று. உள்ளே மீனைவிடச் செடிதான் அதிகம். பச்சை, சிவப்பு, புல் மாதிரி தரையோடு படர்வது என்று ஒரு சின்னத் தோட்டமே தண்ணீருக்குள் இருக்கும். அந்தச் செடி செழிக்க கார்பன் டை ஆக்ஸைடு கொடுக்க வேண்டுமாம். மேஜைக்கு அடியில் அதற்கென்று ஒரு சிலிண்டர். பாறசாலையில் சோடா கம்பெனி வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய் நிரப்பி வருவான். சிலிண்டரிலிருந்து தொட்டிக்கு ஒரு மெல்லிய டியூப். நடுவில் விரல் அளவு கண்ணாடிக் குழாய், அதில் கொஞ்சம் தண்ணீர். காற்று போகிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு. போனால் ஒவ்வொரு குமிழாக ஏறும்.

நான் சும்மா இருப்பேனா?

"உலகமே இந்தக் காத்த எப்படிக் கொறைக்கதுன்னு மண்டைய ஒடைக்குது. நீ சிலிண்டர்ல புடிச்சு வீட்டுக்குள்ள ஏத்துறியாலே?"

"எக்கா, செடிக்கு அதாக்கும் சோறு. மீனுக்கு கூடிப்போனா வெஷம். ரெண்டுக்கும் நடுவுல நாம நிக்கணும், கேட்டியா. பகல்ல லைட் உண்டு, செடி தின்னும். லைட் அணஞ்சா தின்னாது. அதுக்க முன்னால மூடிரணும்."

கரண்ட் போனால் தானாக மூடிக்கொள்ளும் வால்வும் கிடைக்குமாம். ஆயுசு முழுக்கக் கரண்டோடு மல்லுக்கட்டியவன் — அவனுக்கு அதில் நம்பிக்கையில்லை. கையால் திறந்து கையால் மூடினால்தான் சமாதானம். காலையில் திறப்பான், சாயங்காலம் மூடுவான். பிரேமா அந்த வால்வைத் தொடக்கூடாது. ஜினி வீடியோ காலில் வந்தால் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிடுவான். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில் முக்கால்வாசி மீன் விஷயம்தான்.

அந்த வெள்ளிக்கிழமையும் வழக்கம்போலக் காலையில் திறந்தான். சாயங்காலம் மூட ஆள் இல்லை.

நெஞ்சு வலி. நெய்யாற்றின்கரைக்குக் காரில் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஜினி வந்துசேர மறுநாள் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதுவரை மோர்ச்சுவரியில் வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னதற்கு, "வேண்டாம், அவரு வீட்டுல கெடக்கட்டும்" என்று பிரேமா பிடிவாதமாக நின்றிருக்கிறாள். ஃப்ரீசர் பெட்டி வந்தது. ஹாலில் வைத்தார்கள். பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமே? அந்தச் சுவரில் இருந்தது ஒரே ஒரு ப்ளக். தொட்டியின் ஃபில்டர், லைட் எல்லாம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மாட்டினார்கள்.

யாரைக் குறை சொல்ல? சாவு வீட்டில் எல்லோருக்கும் கை பரபரக்கும். பந்தல், நாற்காலி, போன் பண்ணுவது — செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டால் அழாமல் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு பெரியம்மா டிவியைத் துணி போட்டு மூடினார். அதே வேகத்தில் தொட்டியையும் வெள்ளை பெட்ஷீட்டால் மூடிவிட்டார். துக்க வீட்டில் மீன் துள்ளி விளையாடினால் நன்றாகவா இருக்கும்?

நான் மதுரையிலிருந்து போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை காலை. ஹால் நிறைய ஆட்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிரேமா பெட்டியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்ஷீட் போட்ட தொட்டிக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தையில இருந்து ஒரே இருப்பாக்கும்," என்று பக்கத்திலிருந்த பெண் என் காதில் சொன்னாள். "ஒரு பொட்டு கண்ணீரு இல்ல. கெட்டினவன் மொகத்தக்கூட பாக்க மாட்டேங்கா. எனக்கு பயமா இருக்கு."

பிரேமா பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். மேஜைக்கு அடியில் சிலிண்டர். கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழ். இன்னொரு குமிழ். இன்னொன்று...

லைட் இல்லை. ஃபில்டர் இல்லை. செடி தின்னவில்லை. நேற்றுக் காலையில் திறந்தது ராத்திரி முழுக்கப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது!

எழுந்துபோய் பெட்ஷீட்டை ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன். இருட்டுத் தண்ணீர். மீன்கள் மொத்தமும் மேலே வந்து, வாயை வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பல மீன்கள் அதையும் நிறுத்திவிட்டு மல்லாந்து மிதந்தன.

ஒரு மனுஷன் செத்துக் கிடக்கும்போது மீனுக்காகச் சத்தம் போட முடியுமா? மெதுவாகக் குனிந்து வால்வுக்குக் கையை நீட்டினேன். பிரேமா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற பிடி.

"அத மூடண்டாம் எக்கா."

"மீனெல்லாம் சாவுது பிள்ளே."

"அவரு தெறந்ததாக்கும். தெறந்துட்டு கைய கைலியில தொடச்சாரு. சாயா எடுன்னு சொன்னாரு. நான் எடுத்துட்டு வாறதுக்குள்ள..." குழாயைக் காட்டினாள். "அவரு செஞ்சதுல இது ஒண்ணுதான் எக்கா இன்னும் ஓடிட்டு இருக்கு."

போதகர் கையில் வைத்திருக்கும் ஆறுதல் வார்த்தைகளில் இதற்கென்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. டாக்டர் சொன்னது, ஊருக்கெல்லாம் நாங்கள் போனில் சொன்னது எல்லாம் ஒரு பக்கம். அந்தக் குழாயில் குமிழ் ஏறுகிற வரை பிரேமாவுக்கு வெள்ளிக்கிழமை காலை முடியவில்லை. அதைப் போய் மூடு என்கிறேன் நான்.

தொட்டியில் இன்னும் பாதி உயிர் மிச்சம் இருந்தது. நின்று யோசிக்க நேரமில்லை.

"ஜினி வந்து எறங்கும்போ அப்பாவும் இல்ல, மீனும் இல்லன்னா, அந்தப் பிள்ள எதப் பாத்து நிக்கும்?"

கடுமையான பேச்சுதான். எனக்கு வாய் அப்படி. இதமாகச் சொல்ல ஏதாவது வழி இருந்திருக்கலாம், அந்த நேரத்தில் வரவில்லை.

பிரேமா என் கையை விட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே மேஜைக்கு அடியில் நகர்ந்து போனாள். வால்வைத் திருகினாள். திருகிய பக்கம் மாறிவிட்டது. குமிழ்கள் சரசரவென்று சரம் சரமாகக் கிளம்பின. பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டாள்.

"எந்தப் பக்கம் எக்கா? எனக்கு அவரு காட்டித் தரவே இல்லியே..."

"வலப்பக்கம்," என்றேன்.

திருகினாள். சரம் அறுந்தது. ஒரு குமிழ் ஏறியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அடுத்தது குழாயின் முனையில் பாதி உருண்டு, ஏறாமல் அப்படியே நின்றுவிட்டது.

அப்போதுதான் பிரேமா அழுதாள். ஹாலில் பாட்டு நின்றுவிடுகிற அளவுக்கு அழுதாள். கூடியிருந்தவர்களுக்கு நிம்மதி — அப்பாடா, அழுதுவிட்டாள், இனி பயமில்லை! அவளைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். நான் போய் அடுக்களையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்து ஃபில்டரை ஓட விட்டேன். முந்தின நாளே யாராவது செய்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் மீன் யாருக்கு ஞாபகம் வரும்?

ஜினி வந்தாள். அப்பாவின் பெட்டி மேல் விழுந்து அழுதாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அடக்கம் செய்தோம். திரும்பி வந்த பிறகு அந்தப் பெண் தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றது. செத்த மீன்களை நான் முன்னாடியே அள்ளிப் புதைத்திருந்தேன். எத்தனை குறைகிறது என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கேட்கவில்லை.

லீவு முடிந்து ஜினி திரும்பிப் போய்விட்டாள். போன வாரம் அங்கிருந்து எனக்கு போன்.

"அத்தே, அம்மாட்ட கொஞ்சம் சொல்லுங்க. செடியெல்லாம் பழுத்து அழுகுது. வீடியோவுல பாக்கவே சங்கடமா இருக்கு. கேஸத் தெறந்து விடுன்னு சொன்னா கேக்கவே மாட்டேங்கா. மீன் செத்துரும்னு பயப்படுதாளோ என்னவோ."

பயம் என்றால் தெளிய வைத்துவிடலாமே! உடனே பிரேமாவைக் கூப்பிட்டேன். நான்தான் இப்போது அந்தக் குடும்பத்தின் கார்பன் டை ஆக்ஸைடு நிபுணர் ஆயிற்றே. காலையில் லைட் போடும்போது திற, சாயங்காலம் மறக்காமல் மூடு, மீனுக்கு ஒன்றும் ஆகாது, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்றும் இப்போது உனக்குத் தெரியும், அவன் ஆசையாக வளர்த்த செடி அழுகலாமா என்று ஒரு பாடமே நடத்தி முடித்தேன்.

அந்தப் பக்கம் ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"தெறக்கலாம் எக்கா," என்றாள் பிரேமா. "தெறந்தா, பின்னே சாயங்காலம் நான்தானே மூடவும் செய்யணும்?"